அசையாத ஃபேன், ஆடாத கை

அத்தியாயம் 6

"யக்கா, அந்த போட்டோவ இன்னும் எத்தினி தபா பாப்ப? நீ மொறைக்கிற மொறைப்புல அதுவே பயந்துக்கினு உண்மையக் கக்கிடும் போலக் கீது."

டில்லிபாபு ஆட்டோவின் ஹேண்டில்பார்மேல் தாடையை ஊன்றிக்கொண்டு சொன்னான்.

லீலாவுக்குப் பேசத் தெம்பு இல்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் அந்த ஷேர் ஆட்டோ நின்று இருபது நிமிஷம் ஆகியிருந்தது. முன்னால் பத்துக் கார்களைச் சுமந்த டிரெய்லர். பின்னால் ஹாரனை விட்டுக் கையை எடுக்காத கன்டெய்னர் லாரி. மேலே ஏப்ரல் வெயில். மூன்று நாளாக இதே ரோட்டில் போவதும் வருவதுமாக இருந்ததில் அவளுடைய வலது முழங்கால் தனியாக ஒரு புகார் எழுதித் தரத் தயாராக இருந்தது.

லீலாவுக்கு ஐம்பத்து நாலு வயது. கார்க் கண்ணாடி செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நகக்கீறல் அளவு கோடு இருந்தால்கூடப் பிடித்துவிடுவாள். பிடித்து, சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவாள். விருப்ப ஓய்வு வாங்கியபின், படப்பையில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். ஆறு வருஷமாகக் கல்யாண மாப்பிள்ளைகளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். டில்லிபாபு முதலில் அவளுடைய வாடிக்கை ஆட்டோக்காரன். பிறகு உதவியாளன். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை.

பின்சீட்டில் கொம்பையா உட்கார்ந்திருந்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். இருபத்தொன்பது வயது. வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. கட்டுக்குள் மூன்று விரல்கள்தான் இருந்தன.

பதினேழு நாளுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, ஏழாம் நம்பர் பிரெஸ் மெஷின் மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டது.

பிரெஸ்ஸுக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு உண்டு. அது மூடினால்தான் மெஷின் இறங்கி அடிக்கும். திறந்திருந்தால் அடிக்காது. கதவைத் தூக்கிக் கம்பி போட்டுக் கட்டி, மூடியிருப்பதாக மெஷினை ஏமாற்றினால் ஒரு மணி நேரத்தில் நாற்பது பீஸ் கூடுதலாக வரும். கைக்குக் காவல் இருக்காது. அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. கட்டியது கொம்பையாவேதான் என்றது கம்பெனி. சஸ்பெண்ட் செய்து, குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்து, ஆதாரமாக இந்தப் போட்டோவையும் இணைத்திருந்தது. விசாரணை நாளைக் காலை பதினோரு மணிக்கு.

"வேல போனாப் போவுதுக்கா," என்றான் கொம்பையா, மூன்று நாளில் பத்தாவது தடவையாக. "எங்கைய நானே வெட்டிக்கிட்டேன்னு எழுதுதாவ பாத்தீயளா... அதுலதான் எனக்குத் தூக்கமே வரமாட்டேங்கு. அந்தக் காயிதத்தோட நான் இந்த ரோட்டுல எந்தக் கேட்டுல போயி நிக்க முடியும்?"

உண்மைதான். தன் கையைத் தானே கொடுத்தவன் என்று பெயர் விழுந்தால் தண்டலத்திலிருந்து படப்பை வரைக்கும் எந்தக் கேட்டும் திறக்காது.

லீலா படத்தை மறுபடி வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். கம்பெனி கொடுத்த கலர் பிரிண்ட். ஷெட்டுக்குள் மங்கலான வெளிச்சம். நடுவில் ஏழாம் நம்பர் பிரெஸ். தூக்கிக் கட்டிய கம்பிக் கதவு; கட்டிய வயரின் முறுக்குகூடத் தெரிகிறது. பின்னால் சுவரில் ஒரு பெரிய ஃபேன். வலது ஓரத்தில் கறுப்பாக ஒரு செவ்வகம், ஜன்னலோ பலகையோ, யாருக்கும் வேண்டாத ஒன்று. கீழே கையெழுத்து: 'விபத்து நடந்த பத்தாவது நிமிடம் என்னால் எடுக்கப்பட்டது. ஜெபர்சன், சேஃப்டி ஆபீசர்.'

"கொம்பையா, உன்னைத் தூக்கிட்டுப் போனாங்களே, அப்ப மத்த மெஷினெல்லாம் ஓடிட்டு இருந்துதா?"

"ஓடுச்சுக்கா. லைன நிப்பாட்டவே இல்ல. சோலிய பாருங்கடேன்னு சூப்பர்வைசர் சத்தம் போட்டாரு."

"இந்த ஃபேன்?"

"அதுவும்தான். மயக்கம் வாரதுக்கு முன்ன கடைசியா மூஞ்சில அடிச்சது அந்தக் காத்துதான்."

லீலா படத்தை டில்லிபாபுவின் முதுகில் தட்டினாள். "ஃபேனுக்கு எத்தனை இறக்கை?"

அவன் திரும்பிப் பார்த்து எண்ணினான். "மூணு. இதுல இன்னாக்கா விசேசம்? என் வூட்டுலயும் மூணுதான்."

"உன் வீட்டு ஃபேன் ஓடும்போது எண்ணியிருக்கியா?"

டில்லிபாபு விட்டுக்கொடுக்காமல், "ஃபிளாஷ் போட்டா ஓடுற ஃபேனும் நின்னாப்புல விழும்க்கா. என் மச்சான் கல்யாண ஆல்பத்துல பாத்துகீறேன்," என்றான்.

"ஃபிளாஷ் போட்டிருந்தா பிரெஸ்ஸோட ஸ்டீல் முகத்துல வெள்ளையா ஒரு பொட்டு விழுந்திருக்கும். கண்ணாடியில நான் பார்க்காத பொட்டா? இதுல இல்ல. இது ஃபிளாஷ் இல்லாம எடுத்த படம். ஆனா கேமரா சமாச்சாரத்துல எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நல்லாத் தெரிஞ்ச ஆளைக் கேக்கணும்."

"ஸ்டூடியோவுக்கு உடவா?"

"வேண்டாம். எடுத்த ஆளையே கேட்போம்."

டில்லிபாபு கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "யக்கா, வெயில் உனக்கு மண்டைக்கு ஏறிகினு கீது. நமக்கு எதிரா சாட்சி சொல்லப்போற ஆளாண்ட போயி, சார் சார் உங்க போட்டோவுல இன்னா தப்புன்னு கேக்கப் போறோமா?"

"தப்புன்னு கேக்க வேண்டாம். எப்படி எடுக்குறதுன்னு கேளு. நல்லாப் படம் எடுக்குற ஆளு அதை மட்டும் யார் கேட்டாலும் சொல்லாம இருக்க மாட்டான்."

சிக்னல் விழுந்தது. டிரெய்லர் பெருமூச்சு விட்டு நகர்ந்தது.

* * *

டூட்டி முடிந்தால் ஜெபர்சன் சார் கோயிலில்தான் இருப்பார், வெள்ளிவிழா மலருக்குப் படம் எடுக்கிறார் என்று கொம்பையா சொன்னது சரியாக இருந்தது. படப்பையைத் தாண்டி, புது மனைப்பிரிவுகளுக்கு நடுவே இருந்தது அந்த மாதா கோயில். மாலை ஐந்து மணி. வெளியே வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உள்ளே ஜன்னல்களைச் சாத்தி, பீடத்தின் இரண்டு விளக்குகளை மட்டும் போட்டிருந்தார்கள்.

ஒல்லியான ஒரு மனிதர், நாற்பது வயதிருக்கும், பெஞ்சின் முதுகுப் பலகைமேல் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் கையடக்கமான ஒரு டிஜிட்டல் கேமராவை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். தொட்டிலில் குழந்தையைக் கிடத்துகிற பதவிசு.

கொம்பையாவை ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே வந்தார்கள். டில்லிபாபு லீலாவின் பழைய கேமராவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவரிடம் போனான். அவன் முகத்தில் அப்பாவித்தனம் வழிந்தது. கொஞ்சம் அதிகமாகவே வழிந்தது.

"சார், ஒரு டவுட்டு. ஞாயித்துக்கெழம என் அக்கா பொண்ணுக்கு மணிமங்கலத்துல காதுகுத்து. மண்டபம் குகை மாதிரி கீது. நானும் இத வெச்சுக்கினு பத்து போட்டோ எடுத்துப் பாத்தேன். பத்துலயும் பேய் ஆடுது."

ஜெபர்சன் திரும்பினார். களைத்த கண்கள். அந்தக் கண்கள் கேமராவைப் பார்த்ததும் கொஞ்சம் விழித்துக்கொண்டன. "கையில பிடிச்சு எடுத்தீங்களா?"

"பின்ன கால்லயா சார் புடிப்பாங்க?"

"இருட்டுல கையை நம்பாதீங்க," என்றார் ஜெபர்சன். "இது சின்ன கேமரா. இதோட கண்ணு சின்னது. வெளிச்சம் கம்மியா இருந்தா, கண்ணைக் கொட்டாம ரொம்ப நேரம் முழிச்சுட்டு இருந்துதான் படத்தைச் சேர்க்கும். அரை செகண்டு, ஒரு செகண்டு. அந்த நேரம் உங்க கை ஆடாம இருக்காது. மூச்சு விட்டாலே ஆடும்."

"அப்ப ஃபிளாஷ்?"

"ஃபிளாஷ் போட்டா முன்னாடி நிக்குற ஆள் மூஞ்சி சுண்ணாம்பு. பின்னாடி மண்டபம் கரி. முதல்ல அதை அணைங்க." அவர் லீலாவின் கேமராவை வாங்கி மெனுவைத் தட்டினார். "இந்த ஐஎஸ்ஓன்னு இருக்கே, அதையும் ரொம்ப ஏத்தாதீங்க. ஏத்தினா சட்டுனு எடுத்துடும், ஆனா படம் பூரா ரவையைக் கொட்டின மாதிரி ஆயிடும்."

"காதுகுத்துக்கு உப்புமா வேண்டாம் சார். மெனுவுல வேற ஐட்டம் கீது."

ஜெபர்சன் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ரொம்ப நாளாக வேலை இருந்திருக்காது என்று லீலாவுக்குத் தோன்றியது. அவளுக்குள் ஏதோ சங்கடப்பட்டது. இத்தனை நல்ல மனிதரைக் கண்ணி வைத்துப் பிடிக்கிற வேலை எனக்கு எதற்கு என்று முழங்கால் கேட்டது.

"எங்கேயாவது உட்கார வைங்க," என்று ஜெபர்சன் தொடர்ந்தார். "நாற்காலி, தூண், அரிசி மூட்டை, எதுவானாலும் சரி. டைமரை ரெண்டு செகண்டுல வைங்க. ஏன்னா பட்டனை அமுக்குற விரலே கேமராவை ஆட்டிடும். அமுக்கிட்டு விரலை எடுத்துடணும். கேமரா தானா அடங்கி, தானா எடுக்கும். பாருங்க."

பட்டனைத் தொட்டார். கையை விலக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் நின்றார்கள். க்ளிக். ஒரு செகண்டு. இன்னொரு சின்ன சத்தம். திரையில் பீடம், மெழுகுவர்த்தி, மாதாவின் நீல அங்கியின் மடிப்புகள், எல்லாம் துல்லியமாக வந்திருந்தன. பீடத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மட்டும் வட்டமான ஒரு புகை.

"ஃபேன் பூடுச்சே சார்," என்றான் டில்லிபாபு மெதுவாக.

"ஓடுறது எதுவும் இதுல நிக்காது. எது அசையாம இருக்கோ அதுதான் விழும். இருட்டுல எடுக்குற படத்தோட சட்டமே அதுதான். அதனால காது குத்தும்போது குழந்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

லீலா பெஞ்சில் உட்கார்ந்தபடியே பையிலிருந்து பிரிண்டை எடுத்து, கைக்குட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப இதுல மூணு இறக்கையும் எப்படி சார் விழுந்துது?"

ஜெபர்சன் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் ஒரே நொடியில் அணைந்தது.

"நீங்க யாரு?"

"கொம்பையாவுக்கு வேண்டியவங்க. விபத்து நடந்த பத்தாவது நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. அந்த நேரம் லைன் ஓடுது, ஃபேன் ஓடுது, இருபது பேர் குறுக்கும் நெடுக்கும் ஓடுறாங்க. இதுல ஒரு புகைகூட இல்ல. ஒரு ஆளோட நிழல்கூட இல்ல. இது அலறி அடிச்சுக்கிட்டு எடுத்த படம் இல்ல சார். நிதானமா வெச்சு, டைமர் போட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுத்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, லைனை நிறுத்தி, வயரைக் கட்டி, அப்புறம் எடுத்தீங்க. இல்லையா?"

ஜெபர்சன் கேமராவின் வார்ப்பட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"விரலு இல்லாட்டியும் படம் எடுக்கலாம்னு சொல்லுதீயளா சார்?"

வாசலில் கொம்பையா. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். குரலில் குத்தல் இல்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. "டைமரு பாத்துக்கிடும்லா? நல்லா இருக்கீயளா சார்? ஆஸ்பத்திரிக்கு வருவீயன்னு பாத்தேன்."

ஜெபர்சன் அந்தக் கட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்புறம் எடுத்தது இல்ல மேடம்," என்றார். "முன்னாடி எடுத்தது."

லீலா நிமிர்ந்தாள். ஆறு வருஷத் துப்பறிதலில் இப்படி ஒரு பக்கமும் உண்டு என்று அவள் யோசிக்கவே இல்லை. மூன்று நாளாக இந்தப் படம் பொய் என்று நிரூபிக்க அலைந்திருக்கிறாள்!

ஜெபர்சன் தன் கேமராவில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஏழாம் நம்பர் பிரெஸ் வந்தது. ஜூமை அழுத்தினார். பிரிண்டில் கறுப்புச் செவ்வகமாக இருந்த வலது ஓரம் திரையில் பெரிதாகி, பச்சை நிறப் பலகையாகத் தெளிந்தது. மேலே 'விபத்தில்லா நாட்கள்.' கீழே ஆணியில் தொங்கும் மூன்று எண் தகடுகள்.

ஒன்று. ஒன்று. எட்டு.

லீலா கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் தினமும் அப்படி ஒரு பலகையைத் தாண்டித்தான் அவளும் வேலைக்குப் போனாள். ஒரு நாளாவது அதில் என்ன எண் இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த ரோட்டில் எல்லாக் கம்பெனியிலும் உண்டு; அதனாலேயே ஒருத்தர் கண்ணிலும் படாது.

"ஷெட்டுல ஒண்ணு, கேட்டுல ஒண்ணு," என்றார் ஜெபர்சன். "தினம் காலையில ரெண்டுலயும் தகடு மாத்துறது என் வேலை. கொம்பையாவுக்கு அடிபட்ட அன்னிக்குக் காலையில நான் மாட்டினது நூத்தி இருபத்தொண்ணு."

"திங்கள் நூத்தி இருபத்தொண்ணுன்னா..." டில்லிபாபு விரல் விட்டான். "ஞாயிறு இருவது, சனி பத்தொம்போது, வெள்ளி பதினெட்டு. யக்கா! அந்த வெள்ளிக்கெழம ஈ.பி. ஷட்டவுனு! காலீல ஒம்போதுலேர்ந்து சாய்ந்தரம் வரைக்கும் இந்த ஏரியா பூரா கரன்ட் இல்ல. பேக்கரிக்காரன் கேக்கெல்லாம் உருகிடும்னு என் தலையில கட்டுனானே!"

"ஆமா. ஜெனரேட்டர்ல அவசர லைட்டு மட்டும்தான். லைன் நின்னு போச்சு, ஆளுங்களை அனுப்பிட்டாங்க. அதான் இருட்டு. அதான் ஃபேன் நிக்குது," என்றார் ஜெபர்சன். "மத்த நாள்ல மெஷின்கிட்ட என்னைப் போகவே விட மாட்டாங்க. அன்னிக்குத்தான் போனேன். வயரைப் பார்த்தேன். எல்லாரோட போன் கேமராவுக்கும் கேட்டுல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. கம்பெனி கேமரா ரிப்பேர். கேட் பாஸ் போட்டு என் கேமராவைத்தான் கொண்டு போறேன். தெளிவா வரணும்னு பீஸ் டிராலி மேல வெச்சு எடுத்தேன். ரிப்போர்ட்டோட மேனேஜர் மாரிராஜ்கிட்ட கொடுத்தேன். 'திங்கட்கிழமை பாக்கலாம்'னார்."

"திங்கக்கெழம நான்லா பாத்தேன்," என்றான் கொம்பையா. "வியாழன்லேர்ந்து லீவுக்கா. ஊருல கோயில் கொட விழா. திங்கக்கெழம காலைல பஸ்ஸ விட்டு எறங்கி நேரா சோலிக்குப் போனேன். கதவு மேல கெடந்துச்சு. ரிப்பேராக்கும்னு நெனச்சேன்."

லீலாவின் குரல் தாழ்ந்தது. "விபத்துக்கு அப்புறம் புதுசா ஒரு படம் எடுத்திருக்கலாமே. ஏன் பழசு?"

"அடிபட்ட அஞ்சாவது நிமிஷமே வயரை அவங்களே வெட்டித் தூக்கி எறிஞ்சுட்டாங்க மேடம். பழியை ஆள்மேல போடலாம்ங்கற யோசனை மறுநாள்தான் வந்துது. காட்டுறதுக்கு வயர் இல்ல. என் ரிப்போர்ட்ல படம் இருந்துது. ரிப்போர்ட்டைக் கிழிச்சுட்டு, படத்தை மட்டும் வெச்சுக்கிட்டு, தேதி எழுதி என்கிட்ட கையெழுத்து கேட்டாங்க."

"போட்டுட்டீங்க."

"'வெள்ளிக்கிழமையே பார்த்துட்டு திங்கட்கிழமை மெஷினை ஓட விட்டது நீ, முதல்ல உன்னைத்தான் உள்ள தள்ளுவாங்க'ன்னார் மாரிராஜ்." அவர் கொம்பையாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவர் சொன்னதுல பொய் இல்லையே."

"இந்தப் படத்தை அழிச்சிருக்கலாமே சார்?" என்றாள் லீலா.

"நல்லா வந்த படம் மேடம். மனசு வரல."

அவர் கேமராவை உறைக்குள் போட்டு மூடினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வராது என்று லீலாவுக்குத் தெரிந்தது. எழுந்தாள். முழங்கால் நொடித்தது.

"நாளைக்கு ரூமுக்குள்ள எங்களை விட மாட்டாங்க. கொம்பையா ஒரே ஒரு கேள்விதான் கேட்பான். பதில் தெரிஞ்ச ஆளு அந்த ரூம்ல நீங்க ஒருத்தர்தான்."

ஆட்டோவில் ஏறியதும் டில்லிபாபு பொரிந்தான். "இன்னாக்கா நீ! கேமராவ அப்டியே லபக்குனு வாங்கிக்கினு வந்திருக்கலாம்ல? திரையையாவது போன்ல ஒரு கிளிக்கு அடிச்சிருக்கலாம்!"

"'அது என் படம் இல்ல'ன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா நம்ம கிளிக்கு குப்பை. கையெழுத்துப் போட்டவரே கொண்டு வந்து வைக்கணும், டில்லி. வண்டியை எடு."

* * *

வெள்ளிக்கிழமை. பத்தே முக்காலுக்கு கொம்பையா கம்பெனிக்குள் போனான். செக்யூரிட்டி அவன் போனின் கேமராமேல் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினார்.

லீலாவும் டில்லிபாபுவும் ரோட்டுக்கு எதிர்ப்புறம், பஞ்சர் கடையின் தகர நிழலில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கேட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைப் பலகை தெரிந்தது.

விபத்தில்லா நாட்கள்: 139.

"யக்கா, எண்ணிப் பாரு," என்றான் டில்லிபாபு வறண்ட குரலில். "அடிபட்ட அன்னிக்கு நூத்தி இருவத்தொண்ணு. பதினெட்டு நாள் ஆச்சு. அடிபட்டா சைபர்லேர்ந்துதான ஆரம்பிக்கணும்? இவனுங்க எதுவுமே நடக்காத மாதிரி ஏத்திக்கினே போறானுங்க. இன்னிக்குக் காலீலகூட உன் போட்டோகிராபர்தான் இத மாட்டிகீறாரு. பார்ட்டி பல்டி. வா, போயி டிபனாவது துன்னலாம்."

"இரு."

"எத்தினி நேரம்?"

"இரு டில்லி."

பதினொன்றரை. பன்னிரண்டு. ஷிப்ட் பஸ்கள் வெயிலில் வரிசையாக நின்று கொதித்தன. லீலா ஒரு டீ குடித்தாள். அது ஆறியபின்தான் குடித்தாள். இந்தக் கேஸ் தோற்றால் பேக்கரி மாடியின் போர்டைக் கழற்றிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. கோபத்தில் வந்த யோசனை இல்லை. சும்மா, அசதியில்.

பன்னிரண்டே முக்காலுக்கு கொம்பையா வெளியே வந்தான். ரோட்டைக் கடந்தான். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாபா ஆச்சு? சொல்லித் தொலை, எங்கக்காவுக்கு பி.பி. கீது!"

"கேட்டேங்க்கா," என்றான் கொம்பையா. "நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். 'சார், வலது ஓரத்துல ஒரு போர்டு கெடக்கே, அதுல எம்புட்டு போட்டிருக்கு?'ன்னு. மாரிராஜ் சாரு, அது சம்பந்தமில்லாத கேள்வின்னாரு. விசாரிக்க வந்த வக்கீலு கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, ஒண்ணும் தெரியலியேப்பான்னுட்டாரு. நான் ஜெபர்சன் சாரப் பாத்தேன். அவரு தரையப் பாத்தாவ. அப்பொறம் எந்திரிச்சு, பையிலேர்ந்து கேமராவ எடுத்து மேசைல வச்சு, அவரே ஜூம் பண்ணி, அவரே படிச்சாவ. 'நூத்திப் பதினெட்டு. அந்தத் தகட நான்தான் மாட்டினேன். அன்னைக்கு கொம்பையா லீவு'ன்னாவ."

"மேனேஜர்?"

"தண்ணி கேட்டாரு. வக்கீலு அந்தக் கார்டைக் கவர்ல போட்டு ஒட்டி, எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கிட்டாரு. அப்பொறம் இது." கொம்பையா இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "எம்மேல குத்தம் இல்லன்னு எழுதியிருக்காவளாம். கை ஆறினப்பொறவு சோலிக்கு வரலாமாம். படிச்சுச் சொல்லுங்கக்கா. எனக்கு எழுத்து தெரியுது, ஆனா நிக்க மாட்டேங்கு."

லீலா படித்தாள். கீறல் தேடுகிற பழக்கத்தில் இரண்டு தடவை படித்தாள். கீறல் இல்லை. தாளை மடித்து அவன் பையிலேயே வைத்தாள்.

"வூட்டுக்கு போன் போடு," என்றான் டில்லிபாபு. "இல்லாங்காட்டி நான் அழுதுடுவேன், அப்பால ஆட்டோ யார் ஓட்டுறது?"

"யக்கா," என்று அவனே உடனே குரலை மாற்றினான். "அங்க பாரு."

கேட்டுக்குள்ளிருந்து ஜெபர்சன் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் ஸ்டூல். பச்சைப் பலகைக்குக் கீழே அதைப் போட்டு ஏறினார். ஒன்று, மூன்று, ஒன்பது. மூன்று தகடுகளையும் கழற்றினார்.

செக்யூரிட்டி ஓடிவந்தார். "சார், சார்! காலைலயே மாத்திட்டீங்களே! மேனேஜர் சொன்னாரா?"

"இது என் வேலைப்பா," என்ற குரல் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

பையிலிருந்து வேறு மூன்று தகடுகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினார். சைபர். ஒன்று. எட்டு.

இறங்கினார். ஸ்டூலைக் கொஞ்ச தூரம் தள்ளிப் போட்டார். கைக்குட்டையை நாலாக மடித்து அதன்மேல் வைத்தார். தன் கேமராவைப் பலகையைப் பார்த்து உட்கார வைத்தார்; உள்ளே வேறு கார்டு போட்டிருப்பார் போல. டைமரைத் திருகினார். பட்டனை அமுக்கிவிட்டு விரலை எடுத்துக்கொண்டு நின்றார்.

டில்லிபாபு தலையைச் சொறிந்தான். "இன்னாக்கா இது? மண்ட காயுற வெயிலு. உச்சி வெளிச்சம். இதுக்கு எதுக்கு ஸ்டூலு, கர்ச்சீப்பு, டைமரு? கையில புடிச்சு ஒரு கிளிக்கு அடிச்சா ஆச்சே!"

லீலா எதிர்ப்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபர்சன் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அப்படியும் நடுக்கம் தோள் வரை தெரிந்தது.

"வெளிச்சம் போதும் டில்லி," என்றாள். "கைதான் அவருக்கு இன்னும் நிக்கல."